தங்காத மேடு

"இன்னும் ஒரு ஜாண் இந்தப் பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மெத்தையக்கா புல்லில் ஒரு உருளு உருண்டார். மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்து, குதிகாலால் மண்ணை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் அசையவில்லை. மேகம் ஒன்று மரக்கிளைகளுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வந்தது. அவர் வயிற்றின் மேல் ஓர் எறும்பு ஏறி, கொஞ்சம் யோசித்து, இறங்கிப் போயிற்று. பத்து நிமிடம் கழித்து எழுந்து உட்கார்ந்தவர், "தோளுக்குக் கீழ ஒரு வேர் ஓடுது. இடுப்புக்கு ஒண்ணும் இல்ல. ஒல்லியானவங்க படுக்கலாம்" என்றார். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் வெள்ளை நூலைக் கட்டினார்.

அந்தப் பள்ளத்து மரங்களுக்கு அடியில் இப்படி இருபதுக்கு மேல் குச்சிகள் நின்றன. வெள்ளை நூல் என்றால் படுக்கலாம். சிவப்பு நூல் என்றால் கூடாது. நூலே இல்லாத குச்சி என்றால், அங்கே படுத்ததும் அக்கா தூங்கிவிட்டார், எழுந்தபோது என்ன சோதித்தோம் என்பதே மறந்துவிட்டது என்று பொருள். நூலில்லாத குச்சிகள் ஐந்தாறு இருந்தன.

நிலத்தை அளந்து பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்ணை முகர்ந்து பார்க்கிறவர்கள்கூட உண்டு. படுத்துப் பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். காசு கொடுத்துக் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்குத் தன் நிலம் சரிப்படுமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். "வர்றவங்க என்ன சார் பண்ணப் போறாங்க? படுக்கப் போறாங்க. அப்ப நான் படுத்துப் பாக்காம, நின்னுக்கிட்டுப் பாத்தா என்ன தெரியும்?" என்பது அவர் வாதம். இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள்.

தொழில் மெத்தை தைப்பது. கடைத்தெருவின் கோடியில், சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு நீள அறை. முப்பத்திரண்டு வருடமாக அங்கே பஞ்சு பறந்து பறந்து, சுவர்க் கடிகாரத்துக்கு வெள்ளைத் தாடி முளைத்திருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பாதி நிரம்பிய மெத்தையின் மேல் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் நீள ஊசியால் நூலை இழுத்து இழுத்து முடிச்சுப் போடுவார். ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சு இழைகள் மேலே போவதும் தெரியாது, கீழே வருவதும் தெரியாது. அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர் கொட்டாவி விடாமல் எழுந்ததில்லை. வாடிக்கையாளர் கிளம்பும்போது 'போய்ட்டு வாங்க' என்று சொல்லும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. காலை பத்து மணியாக இருந்தாலும் "நல்லாத் தூங்குங்க" என்றுதான் வழியனுப்புவார். ஆபீசுக்குப் போகிற வழியில் வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

என் முதுகுவலிதான் எங்களை அறிமுகப்படுத்தியது. 'மெத்தையைச் சரி பண்ணுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்' என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள். அக்கா என் மெத்தையை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். "சார் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீங்க. முழங்காலை மடக்கிக்குவீங்க. வீட்டம்மா அந்தக் கோடியில உங்களுக்கு முதுகைக் காட்டிப் படுக்கறாங்க. குறட்டையா, சண்டையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறட்டை என்று ஒப்புக்கொண்டேன். "சண்டைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. குறட்டைன்னா தலைமாட்டை ஒசத்திடலாம்" என்று ஊசியில் நூல் கோத்தார்.

அக்காவுக்குத் திருமணம் ஆகி, ரொம்ப நாளைக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். அதைப் பற்றி அவர் சொல்வது ஒரே வரி: "அங்க எனக்குத் தூக்கம் வரல சார்." மேற்கொண்டு நானும் கேட்டதில்லை.

இந்த வருடம் அக்காவை இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, பேச்சின் நடுவே புகுந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிற இருமல். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி பஞ்சைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். "வேற என்ன தெரியும் எனக்கு? ஆளுங்களைத் தூங்க வெக்கத் தெரியும். அவ்வளவுதானே?" என்று அக்கா அன்று கேட்டபோது, அவர் குரலில் சிரிப்பே இல்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்லப்போய் உளறினேன்.

அப்போதுதான் அந்த நிலத்தின் ஞாபகம் வந்தது. அப்பா விட்டுப்போனது, அக்காவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. ஊரிலிருந்து அரை மணி நேரம். முன்னால் புல்லும் மரமுமாக ஒரு பள்ளம். பின்னால் மொட்டையாக ஒரு சரளை மேடு. அண்ணன் மகள் சிநேகிதிகளோடு எங்கெங்கோ போய்க் கூடாரத்தில் தங்கிவிட்டு வருகிறவள். "அத்தை, இந்த மாதிரி இடத்துக்கு ஆளுங்க தேடி வர்றாங்க. நீங்க ஏன் பண்ணக்கூடாது?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள். அக்காவுக்கு அது பிடித்துக்கொண்டது. பஞ்சு இல்லாமலே தூங்க வைக்கிற தொழில் என்றால் பிடிக்காதா?

அண்ணன் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் பட்டியல் போட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். பழைய டயர்களைக் கொட்டி வைக்க ஓர் ஆள் அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். விற்றுவிட்டுத் தங்கையைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்வது அண்ணனின் திட்டம். "பின் ரூமைக் காலி பண்ணி ஃபேன் மாட்டிட்டேன்மா. இருமிக்கிட்டு நீ ஏன் தனியாக் கஷ்டப்படணும்?" என்பார். அக்கா என்னிடம் சொன்னார்: "பாசமான மனுஷன் சார், குறையே சொல்ல முடியாது. ஆனா அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது."

கடைசியில் அண்ணனும் தங்கையும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு வரை அவகாசம். அதற்குள் இடம் சரிப்படும் என்று அக்காவுக்கே மனதாரத் தோன்ற வேண்டும். சரிப்படாது என்று தோன்றினால், மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்பை அண்ணன் தங்கையிடமே விட்டதற்குக் காரணம் உண்டு. அடியில் பழைய பஞ்சை வைத்து மேலே புதுப் பஞ்சைப் பரப்பித் தைத்துத் தரச் சொன்ன ஒரு பெரிய கடையின் ஆர்டரையே, 'முதுகுக்குத் தெரிஞ்சுடும்' என்று திருப்பி அனுப்பியவர் அக்கா. அவர் பொய் சொல்ல மாட்டார் என்று அண்ணனுக்குத் தெரியும்.

அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: வழி, குடிதண்ணீர், கக்கூஸ், பாம்பு, நாய், காத்து, பக்கத்து நிலத்துக்காரர், அனுமதி. "எல்லாம் சரிதாண்ணே. தூக்கம்னு ஒரு வரி இல்லையே?" என்றார் அக்கா. ஆனாலும் ஒவ்வொன்றாகப் போய் விசாரித்தார். பக்கத்து நிலத்துக்காரரின் நாய் எதைப் பார்த்தால் குரைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அனுமதி கேட்கப் போன அலுவலகத்தில் குமாஸ்தா 'நிலம் என்ன வகை?' என்று கேட்டதற்கு, "மெத்துமெத்துன்னு இருக்கும் சார்" என்று பதில் சொன்னார். குமாஸ்தா அதை எந்தக் கட்டத்தில் எழுதினாரோ!

சரளை மேட்டை மட்டும் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குச் சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஒரு பெயர், தங்காத மேடு. மழை தங்காது. விதை தங்காது. குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அப்பா ஒருமுறை அங்கே மாட்டைக் கட்டிப் போட்டாராம், அதுவும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். அண்ணன் அந்தச் சொல்லை வைத்தே தங்கையை மடக்குவார். "பாதி நிலத்துல எதுவுமே தங்காது. அதுல ஆளுங்க மட்டும் வந்து தங்குவாங்களாக்கும்?" அக்காவும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குச்சி அத்தனையையும் பள்ளத்திலேயே நட்டார்.

மாதக் கடைசி ஞாயிறும் வந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தார். "நல்ல முதுகு எங்க வேணாத் தூங்கிடும் சார். உங்க முதுகு மாதிரி கெட்டுப்போன முதுகுதான் சரியாச் சொல்லும்." இதைவிடக் கௌரவமான அழைப்பு எனக்கு வந்ததில்லை. கடையில் மிச்சமிருந்த இரண்டு மெல்லிய மெத்தைகளை வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். ஒன்றைப் பிரித்தார், இன்னொன்றைப் பிளாஸ்டிக் உறையோடு மரத்தில் சாய்த்து வைத்தார். பள்ளத்தின் நட்டநடுவில் ஒரே குச்சியில் மூன்று வெள்ளை நூல் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் கொடுத்த கூடாரத்தை அங்கே நிறுத்தினோம். "இந்த நிலத்துலயே மெத்துன்னு இருக்கற இடம் இதுதான். இதுக்கு மெத்தையே வேணாம், மரியாதைக்குத்தான் போடறேன்" என்று பெருமையோடு சொல்லிவிட்டு அக்கா ஒரு மரத்தடிக்குப் போய்விட்டார்.

படுத்தேன். மண் என் முதுகுக்கு இடம் கொடுத்து மெல்லக் கீழே இறங்கியது. கூடாரத் துணி வழியாக வெயில் பச்சையாக வந்தது. இலைகளின் நிழல் என் சட்டை மேல் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. தூங்கிவிட்டேன். கனவில் எங்கள் வீட்டு மெத்தை தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி, என்னையும் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போயிற்று. தெரு முழுக்கப் பஞ்சு. சலவைக் கடைக்காரர் கையசைத்தார். என் மனைவி வாசலில் நின்று, 'குறட்டை விடாமப் போய்ட்டு வாங்க' என்றாள். மெத்தை அலையில் ஏறி இறங்கி ஏறி இறங்கி எவ்வளவு சுகமாகப் போனது என்று சொல்லி மாளாது. ஆனால் முதுகு ஏன் இப்படிக் குளிர்கிறது என்று கனவிலேயே ஒரு சந்தேகம் வந்தது.

கண்ணைத் திறந்தால், மழை. கூடாரத்தின் மேல் கொட்டுகிற மழையைவிட, அடியில் ஓடுகிற தண்ணீர்தான் அதிகம். தங்காத மேட்டில் தங்காத தண்ணீர் எல்லாம் நேரே பள்ளத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் நான்கு காலில் வெளியே வந்தேன். பார்த்தால் கண்ணராவி.

அக்கா மழையிலேயே நின்றார். அவர் நட்ட குச்சிகள் சுற்றிலும் தண்ணீரில் நின்றன, இரண்டு மூன்று சாய்ந்து மிதந்து போய்க்கொண்டிருந்தன. "எவ்வளவு பெரிய தப்பு பண்ணிட்டேன் பாருங்க" என்றார். "முப்பது வருஷமா மெத்துன்னு இருந்தா நல்லதுன்னே கை பழகிடுச்சு. இந்த மண்ணு எதனால மெத்துன்னு இருக்குன்னு கேக்கத் தோணலையே எனக்கு. அடியில தண்ணி சார். தண்ணி தங்கற எடத்துல ஆளைத் தங்க வெக்கப் பாத்திருக்கேன்." அழுகிறாரா, மழைத் தண்ணீரா என்று தெரியவில்லை. பிறகு இருமல் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, என் சட்டையைப் பிழிந்து தலை துவட்டக் கொடுத்தேன். அது அவர் தலையைவிட ஈரமாக இருந்தது.

மழை வந்த வேகத்திலேயே விட்டது. வெயில் சாய்வாக அடித்து, மரங்களிலிருந்து ஆவி எழும்பியது. அண்ணன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு சேற்றில் வந்து சேர்ந்தார். கக்கத்தில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பத்திரம். மிதக்கும் கூடாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பள்ளம் ஆகாதுண்ணே. நான் தப்பாப் பாத்துட்டேன்" என்றார் அக்கா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன். ஒரு மழைதானே, வடிந்துவிடும், அண்ணன் வருவதற்குள் கூடாரத்தைச் சுருட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? நானாக இருந்தால் வாய் கூசாமல் சொல்லியிருப்பேன். இந்த அம்மாள் தன் ஜன்னலைத் தன் கையாலேயே சாத்துகிறாரே!

அண்ணன் ஜெயித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "சரி விடும்மா. முதல்ல தலையத் துவட்டு" என்று தன் துண்டைக் கொடுத்தார். பேனாவையும் கொடுத்தார். அக்கா பத்திரத்தை வாங்கிக்கொண்டு, வைத்துக் கையெழுத்துப் போட ஓர் இடம் தேடினார். வண்டி சீட் சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தடி வேர் சேறு. என் முதுகை நீட்டினேன், அதுவும் ஈரம். "நனைஞ்சா செல்லாது, பாத்து" என்றார் அண்ணன். அக்கா அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தங்காத மேட்டில் ஏறினார். நாங்களும் பின்னால் ஏறினோம்.

மேலே மழை பெய்த தடமே தெரியவில்லை. அக்கா குந்தி உட்கார்ந்து பத்திரத்தைத் தரையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். அப்புறம் என்ன தோன்றிற்றோ, பத்திரத்தைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

உள்ளங்கையைச் சரளையில் வைத்து அழுத்தினார். பேனாவை மூடி, பத்திரத்தோடு அண்ணனிடம் நீட்டிவிட்டு, அப்படியே மல்லாந்து படுத்தார்.

"என்னம்மா பண்ற? மண்ணு ஒட்டப் போகுது!"

"ஒட்டலண்ணே. கெட்டியா இருக்கு. பலகைக் கட்டில் மாதிரி இருக்கு." வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் பாதித் தூக்கத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி மெதுவாக வந்தது. "மெத்தை வாங்க வர்றவங்ககிட்டல்லாம் நானே சொல்லுவேன், கட்டில் கெட்டியா இருக்கணும், மெத்தைதான் மெத்துன்னு இருக்கணும்னு. எனக்கு நானே சொல்லிக்கல பாருங்க. தங்காது தங்காதுன்னு சொல்லிச் சொல்லியே, இங்க ஒரு தடவகூடப் படுத்துப் பாக்கல. தண்ணி தங்காதுன்னா அது நல்லதுதானேண்ணே?"

என்னைத்தான் சோதனைக்கு விட்டார். மரத்தில் சாய்த்து வைத்த மெத்தையை நானும் அண்ணனும் பிளாஸ்டிக் உறையோடு தூக்கி வந்து போட்டோம். படுத்தேன். வாசகர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: பள்ளத்தின் சொகுசு இங்கே இல்லை. காற்று காதில் பேசிக்கொண்டே இருந்தது. ஆனால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தரையில் பதிந்தது, வலி எங்கே போனது என்று நானே தேட வேண்டியிருந்தது. "முதுகு என்ன சொல்லுது?" என்றார் அக்கா. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வழி?"

"சேறு. சரளை வெட்டிப் போடணும். சரளை இங்கேயே கெடக்கு."

"கக்கூஸ்?"

"இல்ல. கட்டற வரைக்கும் ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன்."

"காத்து?"

"அடிக்குது. அந்தப் பக்கம் செடி வரிசை வெக்கணும். பெருங்காத்து வர்ற மாசத்துல மூடிடணும்."

"எத்தனை கூடாரம் போடுவ?"

"நாலு. அஞ்சாவது போட்டா சரிவுல வந்துடும், தூக்கத்துல உருண்டு பள்ளத்துக்கே போயிடுவாங்க."

அண்ணன் தாளை மடித்தார். பிறகு பட்டியலில் இல்லாத கேள்வியைக் கேட்டார். "நீ இங்க தனியா இருமிக்கிட்டு இருந்தா, அங்க எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

அக்கா எழுந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அண்ணே, இங்க ஏறி வந்ததுலருந்து இருமினேனா?" என்று கேட்டார். நானும் அண்ணனும் யோசித்துப் பார்த்தோம். இருமவில்லை. நாளைக்கு இருமலாம், அது வேறு. ஆனால் அந்த அரை மணி நேரம் இருமவில்லை.

அக்கா எழுந்து, மழையில் ஒடிந்து விழுந்த ஒரு கிளையை எடுத்து, தரையில் கீற ஆரம்பித்தார். நீளமாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, மறுபடி நீளமாக ஒன்று. "இதுதான் முதல் கூடாரம். தலை இந்தப் பக்கம். கால் அந்தப் பக்கம். காத்துக்கு முதுகைக் காட்டினாப்பல இங்க வாசல்." வாசலுக்கு மட்டும் கோட்டை விட்டு, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி வைத்தார். கிளையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார்.

"உள்ள வந்து பாருங்கண்ணே."

"வெறும் கோடுதானேம்மா" என்றார் அண்ணன்.

அவர் நின்ற இடத்திலிருந்து கோட்டைத் தாண்ட ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அவர் தாண்டவில்லை. "பிடிங்க சார்" என்று பத்திரத்தை என் கையில் கொடுத்தார். கோட்டை ஒட்டியே நடந்து, சுற்றிக்கொண்டு, அந்த இடைவெளிக்கு வந்தார். அங்கே நின்று இரண்டு செருப்பையும் கழற்றினார். குனிந்து அவற்றை ஜோடியாக வெளியே ஓரமாக வைத்துவிட்டு, வாசல் வழியாக உள்ளே போனார்.